தொனி அடைப்பு

தொனி அடைப்பு என்பது, வாக்கி-டாக்கி முதலிய இருவழி வானொலிக் கருவிகளில், குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த தொனியைத் தாங்கி வரும் குறிப்பலையை மட்டும் ஒலிபெருக்கிக்கு விட்டு, அத்தொனி இல்லாத ஏனைய குறிப்பலைகளை ஒலிக்காமல் தடுக்கும் முறையாகும். ஆங்கிலத்தில் இது டோன் ஸ்குவெல்ச் என்றும், அதன் முழுப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு சி.டி.சி.எஸ்.எஸ் என்றும் அழைக்கப்படுகின்றது. ஒரே அலைவரிசையைப் பல குழுவினர் பகிர்ந்து கொள்ளும்போது, ஒவ்வொரு குழுவினரும் தத்தம் பேச்சை மட்டும் கேட்பதற்கு இம்முறை உதவுகின்றது.

தொனி அடைப்பு வானலையில் எதனையும் மாற்றுவதில்லை. பிறருடைய குறிப்பலை முன்போலவே ஆன்டெனாவை வந்தடைகின்றது. வாங்கியின் உள்ளே முன்போலவே இடையூறும் செய்கின்றது. அது காதில் விழாமல் மட்டுமே தடுக்கப்படுகின்றது. எனவே கருவி அமைதியாக இருப்பதும் அலைவரிசை காலியாக இருப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாமல் பயன்படுத்தினால், வரவேண்டிய அழைப்பு வராமற் போவதற்கு இதுவே காரணமாகலாம். குறிப்பாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்று மலையும் சமவெளியும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதிகளில் இதன் பயனும் குறையும் தெளிவாக வெளிப்படும்.

இரைச்சல் அடைப்பு

தொனி அடைப்பைப் புரிந்து கொள்வதற்கு முன் எளிய இரைச்சல் அடைப்பைப் பற்றி அறிதல் வேண்டும். அதிர்வெண் பண்பேற்ற வாங்கி ஒன்று எவ்விதக் குறிப்பலையும் பெறாத நேரத்தில் அருவி கொட்டுவது போன்ற தொடர் இரைச்சலை எழுப்பும். ஆன்டெனாவிலும் வாங்கியின் முதல் மின்சுற்றுகளிலும் இயல்பாகத் தோன்றும் மிகச் சிறிய மின்னலைவுகள் பல்லாயிரம் மடங்கு பெருக்கப்படுவதே இதற்குக் காரணம். நாள் முழுதும் கருவியை இயக்கத்தில் வைத்திருக்கும் காவலருக்கோ வனக் காப்பாளருக்கோ இவ்விரைச்சல் தாங்க முடியாததாகும்.

ஊர்தி அலை ஒன்று போதிய வலிமையுடன் வந்ததும் இவ்விரைச்சல் தானாகவே தணிந்துவிடும். இரைச்சல் அடைப்புச் சுற்று, மனிதப் பேச்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் உள்ள இரைச்சலின் அளவைத் தொடர்ந்து அளக்கின்றது. இரைச்சல் மிகுந்திருந்தால் ஒலிபெருக்கியை மூடுகின்றது, தணிந்தால் திறக்கின்றது. திறப்பதற்கான அளவைப் பயனர் ஒரு குமிழ் கொண்டோ, பட்டியலில் ஓர் எண்ணைத் தேர்ந்தோ அமைத்துக் கொள்ளலாம்.

இச்சுற்று வந்திருப்பது எவருடைய குறிப்பலை என்று பார்ப்பதில்லை. வலிமையான எந்த ஊர்தி அலையும் அதனைத் திறந்துவிடும். ஒரே அலைவரிசையில் இயங்கும் அயல் குழுவினரின் பேச்சு, வேறு பரப்பிகள் கலந்து தோன்றும் போலிக் குறிப்பலை, மின்கருவிகளின் இடையூறு ஆகியவற்றுள் சிலவும் ஒலிபெருக்கியை அடைகின்றன. இக்குறையை நீக்கவே தொனி அடைப்பு உருவாக்கப்பட்டது.

செயல்படும் முறை

பேசுபவர் பொத்தானை அழுத்தியவுடன், அவருடைய பரப்பி பேச்சுடன் சேர்த்து ஒரு தாழ்ந்த தொனியையும் ஊர்தி அலை மீது ஏற்றுகின்றது. பொத்தானை விடும் வரை இத்தொனி இடைவிடாது சென்று கொண்டிருக்கும். இதன் அதிர்வெண் பெரும்பாலும் 67 ஹெர்ட்ஸ் முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அமையும். இருவழி வானொலியில் பேச்சு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மட்டுமே அனுப்பப்படுவதால், அதற்குக் கீழுள்ள பகுதி தொனிக்கென ஒழிந்து கிடக்கின்றது.

தொனியின் அளவும் சிறியதே. அதிர்வெண் விலகலின் உச்ச அளவு 5 கிலோஹெர்ட்ஸ் உடைய அமைப்பில், தொனிக்கெனச் சுமார் 500 முதல் 750 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே ஒதுக்கப்படும். எஞ்சியது பேச்சுக்கு உரியது.

வாங்கியில் பண்பிறக்கத்திற்குப் பின் குறிப்பலை இரண்டு வழிகளில் பிரிகின்றது. ஒரு வழியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை வடிகட்டப்பட்டு, பேச்சு மட்டும் ஒலிபெருக்கியை நோக்கிச் செல்கின்றது. இதனால் தொனி கேட்பவரின் காதில் விழுவதில்லை. மறு வழியில் தாழ்ந்த அதிர்வெண் பகுதி மட்டும் தொனி அறியும் சுற்றுக்குச் செல்கின்றது. தான் எதிர்பார்க்கும் தொனி அங்கு இருந்தால் அச்சுற்று ஒலிபெருக்கியைத் திறக்கின்றது. இல்லாவிடில் மூடியே வைத்திருக்கின்றது.

பேசுபவரின் குரலில் உள்ள தாழ்ந்த ஒலிகள் தொனியுடன் கலந்துவிடாதிருக்க, பரப்பியிலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பேச்சு ஒலி நீக்கப்படுகின்றது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் தொனிகளின் எல்லைக்குள்ளேயே அமைவதால் இவ்வடிகட்டல் இன்றியமையாதது. இது சரிவர அமையாத கருவியில் பேசுபவரின் குரலே தொனி அறியும் சுற்றைக் குழப்பி, பேச்சை இடையிடையே துண்டிக்கக்கூடும்.

தொனிகளின் பட்டியல்

எளிய கையடக்கக் கருவிகளில் பொதுவாக 38 தொனிகள் காணப்படுகின்றன. ஹெர்ட்ஸ் அளவில் அவை பின்வருமாறு:

67.0, 71.9, 74.4, 77.0, 79.7, 82.5, 85.4, 88.5, 91.5, 94.8
97.4, 100.0, 103.5, 107.2, 110.9, 114.8, 118.8, 123.0, 127.3, 131.8
136.5, 141.3, 146.2, 151.4, 156.7, 162.2, 167.9, 173.8, 179.9, 186.2
192.8, 203.5, 210.7, 218.1, 225.7, 233.6, 241.8, 250.3

தொழில்முறைக் கருவிகள் பலவற்றில் இவற்றிற்கு இடைப்பட்ட தொனிகளும் சேர்ந்து 50 தொனிகள் வரை இருக்கும். ஒன்றன் சுற்று மற்றொன்றிற்குத் திறந்துவிடாதிருக்கவும், ஒன்றன் மடங்கு மற்றொன்றாக அமையாதிருக்கவும் இவை இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆகும். மின்வழங்கலில் இயங்கும் நிலையக் கருவியின் மின்னாக்கி பழுதுற்றால் 50, 100, 150 ஹெர்ட்ஸ் அளவில் ரீங்காரம் கலந்து பரவும். எனவே 100.0 ஹெர்ட்ஸ் தொனியையும், 150 ஹெர்ட்ஸுக்கு மிக அண்மையிலுள்ள 151.4 ஹெர்ட்ஸ் தொனியையும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் தவிர்ப்பது நலம். மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் இச்சிக்கல் வேறு தொனிகளுக்கு உரியது.

சில கருவிகளில் தொனிக்குப் பதிலாக 1, 2, 3 என வரிசை எண் மட்டுமே காட்டப்படும். நிறுவனத்திற்கு நிறுவனம் இவ்வெண்கள் மாறுபடலாம். ஆதலால் இரு வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும்போது வரிசை எண்ணை ஒப்பிடாமல் ஹெர்ட்ஸ் அளவையே ஒப்பிட வேண்டும்.

குறிப்பலை வாங்குதலில் ஏற்படும் விளைவுகள்

தொடக்கத் தாமதம்

ஒரு தொனியை அடையாளம் காண அதன் பல அலைவுகளை வாங்கி பார்த்தாக வேண்டும். கால் நொடியில் 203.5 ஹெர்ட்ஸ் தொனி சுமார் 51 அலைவுகளை நிறைவு செய்கின்றது, 67.0 ஹெர்ட்ஸ் தொனியோ சுமார் 17 அலைவுகளை மட்டுமே நிறைவு செய்கின்றது. ஆகவே தாழ்ந்த தொனிகளை அறிய நேரம் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். பொத்தானை அழுத்திய உடனேயே பேசத் தொடங்கினால் முதற்சொல் கேட்பவருக்குக் கிடைக்காது. "வேண்டாம், வண்டியை அனுப்புங்கள்" என்பது "வண்டியை அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்கக்கூடும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசவேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்தப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மறுபரப்பி வழியாகப் பேசும்போது மறுபரப்பியின் வாங்கி, கேட்பவரின் வாங்கி ஆகிய இரண்டின் தாமதமும் சேர்ந்து கொள்ளும்.

வலுக்குறைந்த குறிப்பலைகள்

வலுக்குறைந்த குறிப்பலையில் பேச்சு இரைச்சலோடு கலந்து வந்தாலும், பயிற்சி பெற்ற செவி அதனை ஓரளவு புரிந்து கொள்ளும். ஆனால் தொனி அறியும் சுற்றுக்குத் தொனி தெளிவாகக் கிடைக்க வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து வரும் குறிப்பலை மலைச்சரிவுகளிலும் பாறைகளிலும் எதிரொலித்து விட்டுவிட்டு வரும்போது தொனியும் விட்டுவிட்டு வரும். ஒலிபெருக்கியும் திறந்து திறந்து மூடும்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. சில கருவிகளில் தொனி அறியும் சுற்று இரைச்சல் அடைப்பைப் பொருட்படுத்தாமல் தனித்து இயங்கும். அவற்றில், எளிய இரைச்சல் அடைப்பைத் திறக்கப் போதாத வலுவற்ற குறிப்பலையும் தொனியின் துணையால் கேட்கக்கூடும். வேறு சில கருவிகளில் இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறினால்தான் ஒலி வரும். எனவே தொனி அடைப்பு வாங்கும் திறனைக் கூட்டுமா குறைக்குமா என்பது கருவியின் அமைப்பைப் பொறுத்தது.

வன்மையான அலை மற்றதை விழுங்குதல்

அதிர்வெண் பண்பேற்றத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு குறிப்பலைகள் ஒருசேர வந்தால் வலிமை மிக்கதே வாங்கியைக் கைப்பற்றும். மற்றது பெரும்பாலும் மறைந்துவிடும். வலிமை மிக்கது அயலாருடையதாக இருந்தால், அதில் உரிய தொனி இல்லாமையால் ஒலிபெருக்கி திறப்பதில்லை. நமக்கு வரவேண்டிய குறிப்பலை அதனடியில் மறைந்துவிட்டதால் அதன் தொனியும் வாங்கிக்கு எட்டுவதில்லை. முடிவில் கிடைப்பது முழு அமைதி. தொனி அடைப்பு இல்லாத கருவியில் அயலாரின் பேச்சாவது கேட்டிருக்கும். அலைவரிசையில் தடை உள்ளது என்பது தெரிந்திருக்கும்.

தெரியாமல் குறுக்கிடுதல்

பிறர் பேசிக் கொண்டிருப்பது கேட்காததால், அலைவரிசை ஒழிவாக உள்ளது என்று எண்ணிப் பொத்தானை அழுத்துவோர் பலர். இதனால் இரு குழுவினரின் பேச்சும் கெடுகின்றது. இதைத் தவிர்க்கவே தொழில்முறைக் கருவிகளில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, வண்டிகளில் பொருத்தப்படும் கருவியின் ஒலிவாங்கியை அதன் கொக்கியிலிருந்து எடுத்தவுடன் தொனி அடைப்பு தானாக விலகி, அலைவரிசையிலுள்ள அனைத்தும் கேட்கும் ஏற்பாடு. இரண்டாவது, அலைவரிசையில் வேறு ஊர்தி அலை இருக்கும் வரை பேசு பொத்தானை இயங்கவிடாமல் செய்யும் ஏற்பாடு. கையடக்கக் கருவிகளில் கண்காணிப்புப் பொத்தான் ஒன்று இதற்கென உண்டு. வேறு குறிப்பலை இருப்பதைக் காட்டும் சிறு விளக்கும் பல கருவிகளில் உள்ளது. ஒலி இன்றி இவ்விளக்கு மட்டும் எரிந்தால், உரிய தொனி இல்லாத ஓர் அலை வந்து கொண்டிருக்கின்றது என்று பொருள்.

ஒருவழிப் பேச்சு

தொனியைப் பரப்பிக்கும் வாங்கிக்கும் தனித்தனியே அமைக்க முடியும். எனவே நான்கு நிலைகள் உண்டாகின்றன.

1. இரண்டிலும் தொனி இல்லை: அனைவரும் கேட்கும்; ஆனால் தொனி அடைப்பு வைத்திருப்போருக்கு நம் குரல் கேட்காது.
2. பரப்பியில் மட்டும் தொனி: நம் குழுவினர் நம்மைக் கேட்பர், நாம் அனைவரையும் கேட்போம்.
3. இரண்டிலும் தொனி: நம் குழுவினர் மட்டும் கேட்கும்; பிறர் இருப்பது தெரியாது.
4. வாங்கியில் மட்டும் தொனி: நம் குழுவினரைக் கேட்போம், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

நான்காம் நிலை பெரும்பாலும் தவறுதலாக ஏற்படுவது. குழுவினரின் பேச்சு தெளிவாகக் கேட்பதால், கருவி நன்றாகவே உள்ளது என்று பயனர் எண்ணுவார். பதில் வராததற்குத் தொலைவையோ மின்கலத்தையோ காரணமாகக் கொள்வார்.

கல்வராயன் மலை: ஓர் எடுத்துக்காட்டு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். வடபகுதியான சின்னக் கல்வராயன் சராசரியாகச் சுமார் 820 மீட்டர் உயரமும், தென்பகுதியான பெரிய கல்வராயன் சராசரியாகச் சுமார் 1,220 மீட்டர் உயரமும் உடையவை. கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம் இம்மாவட்டத்தில் உள்ளது. கருமந்துறையை உள்ளிட்ட மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே கச்சிராயபாளையம், சின்னசேலம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களும், தென்மேற்கே ஆத்தூரும் சமவெளியில் அமைந்துள்ளன.

வி.எச்.எஃப், யு.எச்.எஃப் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. மலை அவற்றைத் தடுக்கும். ஆகவே கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஒரு குழுவும் ஆத்தூர்ப் பக்கம் மற்றொரு குழுவும் கையடக்கக் கருவிகள் கொண்டு ஒரே அலைவரிசையில் பேசினாலும், இடையிலுள்ள மலையின் காரணமாகப் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் இடையூறு இராது. ஒரே அலைவரிசையை இரண்டு இடங்களில் பயன்படுத்த மலையே வசதி செய்து தருகின்றது எனலாம்.

மலை முகட்டில் நிற்பவரின் நிலை வேறு. சமவெளியிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவின் வானொலித் தொடுவானம் சுமார் 124 கிலோமீட்டர் ஆகும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் இத்தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சேலம், திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய மூன்று நகரங்களும் கல்வராயன் மலையிலிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கு உட்பட்டவை. இடையில் வேறு குன்றுகள் மறைக்காத திசைகளில், இப்பரப்பில் அதே அலைவரிசையில் இயங்கும் பரப்பிகள் பலவற்றின் குறிப்பலை முகட்டிலுள்ள வாங்கியை எட்டக்கூடும்.

இதனை ஒரு கற்பனைச் சூழலின் வாயிலாக விளக்கலாம். கிழக்குக் குழு 88.5 ஹெர்ட்ஸ் தொனியையும் மேற்குக் குழு 123.0 ஹெர்ட்ஸ் தொனியையும் பயன்படுத்துகின்றன என்று கொள்வோம். கிழக்குக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மலை முகட்டிற்குச் சென்றுள்ளார். அவருடைய கருவியிலும் 88.5 ஹெர்ட்ஸ் தொனி அடைப்பு உள்ளது. மேற்குக் குழுவின் பேச்சு அவருக்குக் கேட்பதில்லை. இது தொனி அடைப்பின் பயன்.

இப்பொழுது மலைச் சிற்றூரில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டு, செல்பேசி அலை எட்டாத நிலையில், அவர் வானொலி மூலம் கீழேயுள்ள நிலையத்தை அழைத்து ஊர்தி கேட்கின்றார். நிலையம் அவருடைய அழைப்பைத் தெளிவாகப் பெறுகின்றது. உடனே பதிலும் சொல்கின்றது. ஆனால் அதே வேளையில் மேற்குச் சரிவில் அவருக்கு அண்மையிலுள்ள ஒருவர் வேறு எதையோ பேசிக் கொண்டிருக்கின்றார். அவருடைய குறிப்பலை வலிமை மிக்கதாதலால் முகட்டிலுள்ள வாங்கியை அதுவே கைப்பற்றுகின்றது. 88.5 ஹெர்ட்ஸ் தொனி எட்டாமையால் ஒலிபெருக்கி மூடியே உள்ளது. அழைத்தவர் கேட்பது அமைதியை மட்டுமே. தம் அழைப்பு எவரையும் எட்டவில்லை என்று முடிவு செய்து அவர் இடத்தை விட்டு நகரலாம். ஊர்தி வருவதை அறியாமல் நோயாளியைத் தூக்கிக் கொண்டு வேறு வழியில் இறங்கலாம்.

அவர் தொனி அடைப்பை விலக்கியிருந்தால் மேற்குக் குழுவின் பேச்சு கேட்டிருக்கும். பதில் வராததன் காரணம் விளங்கியிருக்கும். அப்பேச்சு முடியும் வரை பொறுத்திருப்பார், அல்லது வேறு அலைவரிசைக்கு மாறியிருப்பார். மேற்குக் குழுவினரின் உதவியையே கேட்டிருக்கவும் கூடும். உயரமான இடத்திலிருந்து இயங்கும்போது தொனி அடைப்பை விலக்கிக் கேட்பது இக்காரணத்தாலேயே பரிந்துரைக்கப்படுகின்றது.

மறுபரப்பிகளில் தொனி அடைப்பு

ரிப்பீட்டர் எனப்படும் மறுபரப்பி, ஓர் அதிர்வெண்ணில் வரும் குறிப்பலையைப் பெற்று மற்றோர் அதிர்வெண்ணில் மிகு திறனுடன் மீண்டும் பரப்புவதாகும். மலையின் இருபுறமும் உள்ளோர் ஒருவரோடொருவர் பேச முகட்டிலுள்ள மறுபரப்பி வழிசெய்யும். ஆனால் முகட்டில் இருப்பதாலேயே அது தொலைவிலுள்ள குறிப்பலைகளையும் பெறுகின்றது. தொனி அடைப்பு இல்லாத மறுபரப்பி, வந்த எதனையும் மறுபடி பரப்பி, வட்டாரம் முழுவதற்கும் அவ்விடையூறைக் கொண்டு செல்லும்.

ஒரே கோபுரத்தில் பல பரப்பிகள் இயங்கும் இடங்களில் இடைப்பண்பேற்றம் என்னும் மற்றொரு சிக்கலும் உண்டு. எடுத்துக்காட்டாக, 160.100 மெகாஹெர்ட்ஸ், 160.300 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் கலந்தால், முதலாவதன் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்த 159.900 மெகாஹெர்ட்ஸில் போலிக் குறிப்பலை ஒன்று தோன்றும். மறுபரப்பியின் வாங்கி அந்த அதிர்வெண்ணில் அமைந்திருந்தால் அது காரணமின்றி இயங்கத் தொடங்கும். தொனி அடைப்பு இதனைத் தடுக்கின்றது. எனினும் போலிக் குறிப்பலை வாங்கியில் இருந்து கொண்டேயிருப்பதால், தொலைவிலுள்ள வலுக்குறைந்த கையடக்கக் கருவிகளின் அழைப்பு தொடர்ந்து இழக்கப்படும். மறுபரப்பி நன்கு இயங்குவது போலத் தோன்றுவதால் பழுது நெடுநாள் கண்டறியப்படாமலும் போகலாம். இதற்குத் தீர்வு தொனி அன்று. பொருத்தமான வடிகட்டிகளும் ஆன்டெனாக்களுக்கு இடையே போதிய இடைவெளியுமே ஆகும்.

செயற்கைக்கோள் வழி இயங்கும் மறுபரப்பிகளிலும் தொனி பயன்படுகின்றது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய அமெச்சூர் வானொலி மறுபரப்பி, 145.990 மெகாஹெர்ட்ஸில் 67.0 ஹெர்ட்ஸ் தொனியுடன் வரும் குறிப்பலைகளை ஏற்று 437.800 மெகாஹெர்ட்ஸில் பரப்புமாறு அமைக்கப்பட்டது. பரந்த நிலப்பரப்பை மேலிருந்து காணும் நிலையத்திற்கு இத்தகைய தடுப்பு தேவையாகின்றது.

முடிவொலியை நீக்குதல்

பேசுபவர் பொத்தானை விட்டதும், தொனி நின்றுவிட்டதை வாங்கி அறிவதற்குள் ஒரு கணம் இரைச்சல் வெளிப்படும். இதனைத் தவிர்க்க, ஊர்தி அலை நிற்பதற்குச் சற்று முன் பரப்பி தொனியின் கட்டத்தைத் திடீரென மாற்றுகின்றது. முற்காலக் கருவிகளில் தொனியை அறிய அதிரும் உலோக நாக்குகள் பயன்பட்டன. தொனி நின்ற பின்னும் நாக்கு சிறிது நேரம் அதிர்ந்து கொண்டிருக்கும். எதிர்க்கட்டத்தில் வரும் தொனி அந்த அதிர்வை உடனே அடக்கிவிடும். பிற்காலத்தில் நாக்குகளின் இடத்தை மின்னணு வடிகட்டிகளும், பின்னர் எண்ணிமக் கணிப்பும் பிடித்த போதிலும் இவ்வழக்கம் தொடர்கின்றது.

எண்ணிமக் குறி அடைப்பு

தொனிக்குப் பதிலாக எண்ணிமக் குறியை அனுப்பும் முறை டி.சி.எஸ் எனப்படும். இதில் 23 இரும இலக்கங்கள் கொண்ட சொல் ஒன்று நொடிக்கு 134.4 இலக்கங்கள் வீதம் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகின்றது. ஒரு சொல் முழுமை பெறச் சுமார் 171 மில்லிநொடி ஆகும். இச்சொல் கோலே குறிமுறையில் அமைந்தது. 12 இலக்கங்கள் செய்தியையும் 11 இலக்கங்கள் பிழை திருத்தத்தையும் சார்ந்தவை. குறிகள் 023, 754 என மூன்று இலக்க எண்களாக எழுதப்படும். இவற்றில் 8, 9 ஆகிய இலக்கங்கள் வருவதில்லை.

குறியின் முனைமை மாறினால் அது வேறொரு குறியாகப் படிக்கப்படும். எடுத்துக்காட்டாக, தலைகீழாக்கப்பட்ட 023 என்பது 047 ஆகின்றது. ஒரே எண்ணைத் தேர்ந்தும் இரு கருவிகள் பேசிக் கொள்ளாவிடில் முனைமையைச் சரிபார்த்தல் வேண்டும்.

டி.எம்.ஆர் வகை எண்ணிம வானொலியில் 0 முதல் 15 வரையிலான வண்ணக் குறி என்பதும், பி25 வகையில் பிணைய அணுகு குறி என்பதும் இதே பணியைச் செய்கின்றன. எனவே எண்ணிம வானொலிக்கு மாறினாலும் மேற்கூறிய குறைகள் முற்றிலும் நீங்குவதில்லை.

வரலாறும் பெயர்களும்

இம்முறை 1950களில் அமெரிக்காவில் வணிகப் பயன்பாட்டிற்கு வந்தது. மோட்டோரோலா நிறுவனம் இதற்குப் பிரைவேட் லைன் என்றும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் சேனல் கார்டு என்றும், ஆர்.சி.ஏ நிறுவனம் குவயட் சேனல் என்றும் பெயரிட்டன. பிற்காலத்தில் சிறுவர்க்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் விற்கப்பட்ட எளிய கருவிகளில் தனிமைக் குறி என்னும் பொருள்பட விளம்பரம் செய்யப்பட்டது.

இப்பெயர்கள் தவறான எண்ணத்தைத் தருவன. தொனி அடைப்பு பேச்சை மறைப்பதில்லை. தொனி அடைப்பை விலக்கி வைத்துள்ள எவரும் அதே அலைவரிசையில் நடக்கும் பேச்சு முழுவதையும் கேட்கலாம். மறைபொருளாகப் பேசுவதற்கு மறையாக்கம் தேவை. அதேபோல், 16 அலைவரிசைகளும் 38 தொனிகளும் உள்ள கருவியில் 608 அலைவரிசைகள் உள்ளன என்று கூறுவதும் சரியன்று. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இடையூறின்றிப் பேசக்கூடிய குழுக்கள் 16 மட்டுமே.

அவசரகாலத் தொடர்பு

எவர் அழைத்தாலும் எவரும் கேட்க வேண்டும் என்னும் இடங்களில் தொனி அடைப்பு பயன்படுத்தப்படுவதில்லை. கடல்சார் வானொலியின் 16 ஆம் அலைவரிசையான 156.800 மெகாஹெர்ட்ஸ், வானூர்திகளின் அவசர அதிர்வெண்ணான 121.5 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை இதற்குச் சான்றுகள். தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து செல்லும் படகும், இலங்கைக் கடற்பரப்பில் செல்லும் கப்பலும் முன்னேற்பாடு ஏதுமின்றி ஒன்றையொன்று அழைக்க முடிவது இதனாலேயே ஆகும்.

புயல், வெள்ளம், காட்டுத்தீ முதலிய வேளைகளில் பல துறையினரும் தன்னார்வலரும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து கூடுவர். அவர்கள் அனைவருக்கும் பொது அதிர்வெண் ஒன்று தரப்பட்டாலும், கருவிகளில் முன்னரே பதிந்துள்ள தொனிகள் மாற்றப்படாவிடில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அமெரிக்காவில் பல துறைகளுக்கும் பொதுவான இடைத்தொடர்பு அலைவரிசைகளுக்கு 156.7 ஹெர்ட்ஸ் பொதுத் தொனியாக வகுக்கப்பட்டுள்ளது. பரப்பும்போது இத்தொனியைச் சேர்க்க வேண்டும்; கேட்கும்போது தொனி அடைப்பு இன்றிக் கேட்கலாம். மேலே கூறிய நான்கு நிலைகளுள் இது இரண்டாம் நிலையாகும். தொனியை அனுப்புவதால் எவருக்கும் தீங்கில்லை. தொனிக்காகக் காத்திருப்பதே அழைப்பைத் தவறவிடுகின்றது.

இந்தியாவில் பயன்பாடு

இந்தியாவில் வானொலி அலைவரிசைகளை ஒதுக்கும் பணியைத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு மேற்கொள்கின்றது. காவல்துறை, வனத்துறை முதலியவையும் தனியார் நிறுவனங்களும் தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் மட்டுமே இயங்க வேண்டும். அமெச்சூர் வானொலியாளர்கள் தேர்வெழுதி உரிமம் பெற்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டைகளைப் பயன்படுத்துகின்றனர். குறைந்த திறனுடைய கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 2018 ஆம் ஆண்டின் விதிகள் உரிம விலக்கு அளிக்கின்றன. இணையவழியில் வாக்கி-டாக்கி விற்பனையை நெறிப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

உரிம விலக்குப் பட்டையில் எவருக்கும் தனி அலைவரிசை இல்லாமையால் அங்குத் தொனி அடைப்பின் தேவை மிகுதி. ஆனால் உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் தொனி ஒன்றைச் சேர்த்துக் கொள்வது எவருக்கும் அங்கு இயங்கும் உரிமையைத் தருவதில்லை. காதில் எதுவும் கேட்காவிட்டாலும், அங்கு வேறொருவரின் அவசரப் பேச்சு நடந்து கொண்டிருக்கலாம்.

இவற்றையும் காண்க

அதிர்வெண் பண்பேற்றம்
அமெச்சூர் வானொலி
மறுபரப்பி
வாக்கி-டாக்கி
கல்வராயன் மலை
கள்ளக்குறிச்சி மாவட்டம்